சொந்த ஊர் எது? சிட்னில இருந்து பிரிஸ்பேனுக்கு ஒரு ஆரிஜின் பயணம்

நாள் 1: ஜூலை 15, 2024, திங்கள்

காலைல 5 மணிக்கு கிளம்பணும்னு பிளான். கிளம்பினது 7:40. காரணம் மாப்ள. (என் ரூம்மேட்டா இருந்து இப்ப பக்கத்துத் தெருக்காரன் ஆனவன், மதுரைக்காரன், கல்யாணம் ஆகல, அதனால எங்க கூப்பிட்டாலும் வருவான், ஆனா நேரத்துக்கு வரமாட்டான்.) ரக்பி பத்தி அவனுக்கு ஒண்ணும் தெரியாது. "பிரிஸ்பேன்ல அக்கா வீட்டுல இடியாப்பம் சொதி"ன்னு சொன்னேன், வந்துட்டான்.

விஷயம் என்னன்னா, புதன்கிழமை ராத்திரி பிரிஸ்பேன்ல ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் மூணாவது மேட்ச். (நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்துன்னு பக்கத்துப் பக்கத்து ஸ்டேட் ரெண்டும் வருஷா வருஷம் மோதிக்கிற ரக்பி லீக் சீரிஸ்.) நியூ சவுத் வேல்ஸ் ஒண்ணு, குயின்ஸ்லாந்து ஒண்ணு, 1-1. இது டிசைடர், இதுல ஜெயிக்கிறவங்களுக்குத்தான் சீரிஸ். ஃப்ளைட்ல போனா ஒன்றரை மணி நேரம், ஆனா எனக்கு ரோட்ல போகணும்னு ரொம்ப நாள் ஆசை, 900 கிலோமீட்டருக்கு மேல. இந்தச் சண்டையே ஒரு பார்டர் சண்டை, அந்த பார்டரை டயர்ல தாண்டணும், மேகத்துக்கு மேல தாண்டினா என்ன இருக்கு.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ரக்பி லீக்ல ஒரு பக்கம் 13 பேர், 80 நிமிஷம். பந்தை முன்னாடி தூக்கி எறியக் கூடாது, பின்னாடியோ பக்கவாட்டுலயோதான் பாஸ் பண்ணணும், ஓடணும், எதிராளி பிடிச்சுக் கீழ தள்ளுவான். அது ஒரு டேக்கிள். ஆறு டேக்கிள்தான் கணக்கு, அதுக்குள்ள ஏதாவது செய்யணும், இல்லாட்டி பந்து அவங்களுக்கு. கோட்டைத் தாண்டி பந்தைத் தரையில வெச்சா ட்ரை, 4 பாயிண்ட். அப்புறம் கம்பத்துக்கு நடுவுல உதைச்சா இன்னும் 2. மாப்ளகிட்ட இதைச் சொன்னதும் "அப்ப நம்ம கபடிதான், பாடாம ஆடுறாங்க, கையில தேங்காய் மாதிரி ஒண்ணு வெச்சிருக்காங்க"ன்னான். நானும் யோசிச்சுப் பார்த்தேன், தப்பு சொல்ல முடியல.

இந்த வருஷக் கதை: முதல் மேட்ச் ஜூன் 5, சிட்னி. எங்க பக்கம் ஜோசப் சுவாலினு புதுப் பையன், முதல் ஆரிஜின் மேட்ச், 10 நிமிஷம்கூட ஆகல, குயின்ஸ்லாந்து ஆள் ரீஸ் வால்ஷ் தலைல மோதி சென்ட் ஆஃப். மிச்ச நேரம் பூரா 12 பேர். 38-10னு உதை வாங்கினோம். நான் அன்னிக்கு ஸ்டேடியத்துலதான் இருந்தேன், திரும்பி வர்ற டிரெய்ன்ல ஒருத்தரும் பேசல. ரெண்டாவது மேட்ச் மெல்பர்ன் எம்சிஜி, 90,000 பேர், பாதி ஆட்டம் முடியும்போது 34-0னு எங்க பக்கம், கடைசில 38-18. அதே டீம்களா இதுன்னு இருந்துச்சு. பிரிஸ்பேன்ல டிசைடர் ஜெயிச்சு எங்களுக்கு 19 வருஷம் ஆச்சு, 2005ல கடைசி. அது எனக்குப் பின்மண்டைல உறுத்திட்டே இருக்கு.

ஹாக்ஸ்பரி ஆத்துப் பாலம் தாண்டும்போது பனி அப்படியே தண்ணி மேல உட்கார்ந்திருந்துச்சு. நியூகாசில் பக்கம் வந்ததும் அக்கா பையன்கிட்ட இருந்து வாய்ஸ் மெசேஜ். "மாமா, நியூகாசில் தாண்டிட்டீங்களா? அங்கதான் எங்க பொண்ணுங்க உங்க பொண்ணுங்களை 11-10னு ஜெயிச்சாங்க." பெண்கள் ஆரிஜினும் இந்த வருஷம்தான் முதல் தடவையா மூணு மேட்ச் சீரிஸ் ஆச்சு, அதை குயின்ஸ்லாந்து ஏற்கெனவே தூக்கிட்டாங்க. 11 வயசுப் பய, வாயப் பாருங்க.

இந்தப் பயலைப் பத்தி சொல்லியே ஆகணும். பொறந்தது சிட்னி வெஸ்ட்மீட். நாலு வயசுல அத்தானுக்கு பிரிஸ்பேன்ல வேலை கிடைச்சு குடும்பத்தோட போயிட்டாங்க. நான் ஆசையா வாங்கிக் கொடுத்த நீலச் சட்டையை (அதான் நியூ சவுத் வேல்ஸ் நிறம்) நாயைத் துடைக்க வெச்சிருக்கான்னு அக்கா சொன்னா. அவங்க வீட்டுல நாய் கிடையாது, பக்கத்து வீட்டு நாய்.

கெம்ப்சி, மேக்ஸ்வில் எல்லாம் இப்ப ஹைவேல இருந்து விலகிப் போயிடுச்சு, பைபாஸ். ஆனா நான் வேணும்னே மேக்ஸ்வில் உள்ள போய் டீ குடிச்சேன், ஏன்னா ரக்பி லீக் ஸ்டார் கிரெக் இங்லிஸ் வளர்ந்த பக்கம் இது. நம்பக்கா ஆத்துப் பாலம், ஒரு பெரிய பப், சின்னக் கடைத்தெரு, அவ்வளவுதான் ஊர். சுத்தமா நியூ சவுத் வேல்ஸ். ஆனா அந்த மனுஷன் ஆடினது குயின்ஸ்லாந்துக்கு! அப்ப இருந்த ரூல்படி எங்க முதல்ல பெரியவங்க லெவல் ஆட்டம் ஆடுறியோ அதுதான் உன் ஸ்டேட், அவர் ஸ்கூல் பையனா பிரிஸ்பேன் போயிட்டார், முடிஞ்சுது கதை. 32 ஆரிஜின் மேட்ச், 18 ட்ரை, அவ்வளவு ட்ரை வேற யாரும் அடிச்சதில்ல, அத்தனையும் எங்களுக்கு எதிரா. 2006ல இருந்து 2013 வரைக்கும் எட்டு வருஷம் தொடர்ந்து குயின்ஸ்லாந்து ஜெயிச்சாங்களே, அந்தக் காலம். இன்னிக்கும் ஆபீஸ்ல இங்லிஸ் பேரை எடுத்தா அம்பது வயசுக்காரங்களுக்கு முகம் சுருங்கும், பங்காளி வீட்டுக்குப் போன வயக்காட்டைப் பத்தி பேசுற மாதிரி. அப்புறம் ரூலை மாத்திட்டாங்க, 13 வயசுக்கு முன்னாடி எந்த ஸ்டேட்ல இருந்தன்னு முதல்ல பார்ப்பாங்க.

மாப்ள டீயை உறிஞ்சிட்டே கேட்டான்: "அப்ப ஒன் அக்கா பையன் யாருக்கு ஆடணும்?"

ராத்திரி காஃப்ஸ் ஹார்பர். நியூ சவுத் வேல்ஸ்ல ஸ்கூல் லீவு, அதனால மோட்டல்காரர் சொன்ன வாடகைக்கு திருநெல்வேலில ஒரு மாசம் இருக்கலாம். ஹீட்டர் வேற வேலை செய்யல. 1964ல வெச்ச பெரிய வாழைப்பழச் சிலை முன்னாடி மாப்ள போட்டோ எடுத்துக்கிட்டான். நல்லாவே இல்ல.

நாள் 2: ஜூலை 16, செவ்வாய்

காலைல உல்குல்கா. ரோட்டோரத்துலயே வெள்ளை வெளேர்னு குருத்வாரா. பஞ்சாபிக் குடும்பங்க தலைமுறை தலைமுறையா இங்க வாழைத் தோட்டம் வெச்சிருந்தாங்க, இப்ப ப்ளூபெர்ரி நிறைய. கடைல ஒரு சர்தார் பெரியவர் நீல மஃப்ளர் போட்டிருந்தார், நான் நீலத் தொப்பி. கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அதுக்கு மேல பேச்சே தேவைப்படல.

கிராஃப்டன் தாண்டி கிளாரன்ஸ் ஆத்துப் பக்கம் வந்தா ரெண்டு பக்கமும் கரும்பு. ஹார்வுட்ல சர்க்கரை ஆலை புகை விட்டுட்டிருக்கு. இதுல ஒரு தமாஷ் இருக்கு. குயின்ஸ்லாந்துக்காரங்களுக்குப் பட்டப்பேரு கேன் டோட், கரும்புக்காட்டுத் தேரை. எங்களுக்கு காக்ரோச், கரப்பான்பூச்சி. கரும்பைத் தின்ன வண்டை ஒழிக்கிறேன்னு 1935ல குயின்ஸ்லாந்துல கொண்டு வந்து விட்டாங்க அந்தத் தேரையை. அது வண்டைத் தவிர மத்ததெல்லாத்தையும் தின்னுச்சு, பல்கிப் பெருகி பார்டரைத் தாண்டி இந்தப் பக்கமும் வந்துடுச்சு. கரும்பும் ரெண்டு பக்கம், தேரையும் ரெண்டு பக்கம், கரப்பான் எல்லா வீட்டுலயும். எதை வெச்சு பிரிக்கிறாங்கன்னே தெரியல. மாப்ள "கரப்பான்பூச்சினு சொன்னா கோவம் வராதா?"ன்னான். வராது, மேட்ச் நாள்ல நிறைய பேர் அந்த வேஷமே போட்டுட்டு வருவாங்க.

மத்தியானம் ட்வீட் ஹெட்ஸ். இங்கதான் பார்டர். நான் ஏதோ வாகா மாதிரி கற்பனை பண்ணி வெச்சிருந்தேன், பார்த்தா ஒரு தெரு! பவுண்டரி ஸ்ட்ரீட்னே பேரு. இந்தப் பக்கம் ட்வீட் ஹெட்ஸ், அந்தப் பக்கம் கூலங்கட்டா, நடுவுல ட்ராஃபிக். கோல்ட் கோஸ்ட் ஏர்போர்ட் ரன்வேகூட பார்டர் மேலயே போகுது. கோடைல வந்தீங்கன்னா தெருவைத் தாண்டினா ஒரு மணி நேரம் மாறும், குயின்ஸ்லாந்துல டேலைட் சேவிங் கிடையாது. கொரோனா சமயத்துல இந்தத் தெரு நடுவுலயே தடுப்பு வெச்சு ரெண்டு பக்கமும் குடும்பங்க நின்னு கை ஆட்டினதை நியூஸ்ல பார்த்திருக்கேன், அதே இடம்தான். இப்ப ஒருத்தர் சர்ஃப் போர்டைத் தூக்கிட்டு ஸ்டேட் விட்டு ஸ்டேட் போறார், செருப்புகூட இல்ல.

ஆனா எனக்கு பார்க்க வேண்டியிருந்தது அங்க இருக்கிற பெரிய கிளப். உள்ள பூரா போக்கி மெஷின், காசு போட்டு இழுக்கிற சூதாட்ட மெஷின். இந்த ஆரிஜின் ஏன் பொறந்துச்சுன்னு கேட்டா நான் இந்த மெஷினைத்தான் காட்டுவேன். நியூ சவுத் வேல்ஸ் கிளப்களுக்கு 1956லயே இதுக்கு அனுமதி குடுத்துட்டாங்க. குயின்ஸ்லாந்துல 1992 வரைக்கும் கிடையாது. அதனால குயின்ஸ்லாந்துக்காரங்க பஸ் பிடிச்சு பார்டர் தாண்டி இங்க வந்து காசைத் தொலைச்சுட்டுப் போவாங்க. சிட்னி லீக் கிளப்கள் கையில இந்த மெஷின் காசு. குயின்ஸ்லாந்துல எவன் நல்லா ஆடினாலும் ரெண்டு மடங்கு சம்பளம்னு சொல்லி சிட்னிக்கு அள்ளிட்டுப் போயிடுவாங்க. அதோட விட்டாங்களா, அப்ப ரூல் எங்க வேலை பார்க்கிறியோ அந்த ஸ்டேட்டுக்கு ஆடணும்னு. ஆக குயின்ஸ்லாந்துக்காரனை வாங்கி அவனை வெச்சே குயின்ஸ்லாந்தை அடிப்பாங்க, வருஷா வருஷம். கூட்டமும் வராம போயிடுச்சு, முடிவு தெரிஞ்ச ஆட்டத்தை யார் பார்ப்பா.

1980ல குயின்ஸ்லாந்து லீக் தலைவர் ரான் மெக்காலிஃப் சிட்னிகாரங்களை விடாம நச்சரிச்சு சம்மதிக்க வெச்சார். ஒரே ஒரு மேட்ச், யார் எங்க வேலை பார்த்தாலும் சரி, அவனவன் சொந்த ஊருக்கு ஆடட்டும். அந்த வருஷ சீரிஸ் முதல் ரெண்டு மேட்ச்லயே முடிஞ்சு போயிருந்துச்சு, அதனால மூணாவதை சும்மா சோதனையா வெச்சுப் பார்க்கலாம்னு விட்டாங்க. சிட்னில இதை ஜோக்குன்னுதான் நினைச்சாங்க.

பேரையே பாருங்க, ஸ்டேட் ஆஃப் ஆரிஜின். நம்ம பாஷைல சொன்னா "சொந்த ஊர் எது?" ரெண்டு தமிழன் முதல் தடவை பார்த்தா ரெண்டாவது கேள்வி இதுதானே. முதல் கேள்வி "தமிழா?"

சாயங்காலம் அக்கா வீடு. அத்தான் வாசல்லயே நின்னுட்டு "வாங்க மாப்பிள்ளை, கரப்பான் மருந்து அடிச்சுத்தான் வெச்சிருக்கேன், பரவால்லையா"ன்னார். பய குயின்ஸ்லாந்தோட மெரூன் சட்டை, மெரூன் சாக்ஸ், முதுகுல 6. அதான் முன்னாடி குயின்ஸ்லாந்து ஸ்டார் வாலி லூயிஸ் போட்ட நம்பர். என்னைக் கட்டிப் பிடிச்சான், ஆனா தொப்பியைக் கழட்டின பிறகுதான்.

சொதி அருமை. மாப்ள 14 இடியாப்பம். எண்ணினது அக்கா.

நாள் 3: ஜூலை 17, புதன். மேட்ச்

காலைல சவுத் மக்லீன் செல்வ விநாயகர் கோயில் போனோம், அக்கா கட்டாயம். நான் என்ன வேண்டினேன்னு சொல்லத் தேவையில்ல. பயலுக்கு ஸ்கூல் இருந்துச்சு, அங்க எல்லாரும் மெரூன்லயாம், டீச்சர் உட்பட.

டிக்கெட் மூணுதான் கிடைச்சுது. அத்தானுக்கு நைட் ஷிஃப்ட், அக்காவுக்கு விருப்பம் இல்ல, ஆக நான், மாப்ள, பய. டிக்கெட் இருந்தா டிரெய்ன் ஃப்ரீ. ரோமா ஸ்ட்ரீட்ல இறங்கி நடந்தா காக்ஸ்டன் ஸ்ட்ரீட், மேட்டுத் தெரு, ரெண்டு பக்கமும் பப், 4 மணிக்கே நடக்க இடம் இல்ல. மீனாட்சி கல்யாணத்துக்கு மாசி வீதில நிக்கிற மாதிரின்னு மாப்ள சொன்னான், சாமிக்குப் பதிலா வந்தது ப்ளூஸ், அதாவது எங்க நியூ சவுத் வேல்ஸ் டீம் பஸ். வருஷா வருஷம் இந்தத் தெரு வழியா வரும்போது மொத்தக் கூட்டமும் விரலைக் காட்டும், அது ஒரு சடங்கு. பல்லு போன பாட்டி ஒண்ணு, 80 இருக்கும், ரெண்டு கையாலயும் காட்டுச்சு. பய கையைத் தூக்கப் பார்த்தான், நான் பிடிச்சு இறக்கினேன், அக்காவுக்குப் பதில் சொல்லணுமே.

என் நீலத் தொப்பிக்குக் கிடைச்ச வசவு ஒரு 50 இருக்கும், ஆனா ஒருத்தர்கூட கையை வைக்கல, ஒருத்தர் திட்டிட்டு சிப்ஸ் வேற நீட்டினார். என் நிறத்தை வெச்சு ஒரு வார்த்தை வரல, தொப்பியை வெச்சு மட்டும்தான். பத்து வருஷத்துல இந்த நாட்டுல இவ்வளவு உரிமையா என்னை யாரும் திட்டினதில்ல. சந்தோஷமாத்தான் இருந்துச்சு.

ஸ்டேடியம் பேரு இப்ப சன்கார்ப், பழைய ஆளுங்க லாங் பார்க்னுதான் சொல்றாங்க. அதுக்கும் முன்னாடி அந்த இடம் ஊர்க் கல்லறைத் தோட்டம், நிஜமா. வாசல்ல சிலைங்க. ஆர்ட்டி பீட்சன் சிலை முன்னாடி பய நின்னுட்டான், கதை அவன்தான் சொன்னான், பாதி இங்கிலீஷ்ல பாதி தமிழ்ல. பீட்சன் குயின்ஸ்லாந்து ரோமா ஊர்க்காரர், பழங்குடி மனுஷர், ஆஸ்திரேலியாவுக்கே கேப்டனா இருந்தவர். ஆனா சிட்னில ஆடினதால நியூ சவுத் வேல்ஸ் சட்டைதான் போட முடிஞ்சுது. 1980 ஜூலை 8, 35 வயசு, அந்த வருஷம் கிளப்ல ரிசர்வ் டீம்ல இருந்தார், கதை முடிஞ்சுதுன்னு எல்லாரும் நினைச்ச நேரத்துல முதல் தடவையா சொந்த ஊர்ச் சட்டை போட்டு கேப்டனா இறங்கினார். எதிர்ல அவர் கிளப் நண்பர் மிக் க்ரோனின், வாரா வாரம் ஒண்ணா ஆடுறவர். அவரை அன்னிக்கு பீட்சன் குத்தினாரா, சும்மா மேல விழுந்தாரான்னு இன்னிக்கும் பப்ல சண்டை போட்டுக்கிறாங்க. 20-10, குயின்ஸ்லாந்து ஜெயிச்சுது. ஜோக்குன்னு சொன்னவங்க வாயை மூடினாங்க, 1982ல இருந்து மூணு மேட்ச் சீரிஸ் ஆச்சு.

பக்கத்துல வாலி லூயிஸ் சிலை. ராஜானுதான் கூப்பிடுவாங்க. இந்த ஆட்டத்துல பட்ட அடிகளால மூளை பாதிச்சு ஞாபகம் போகுதுன்னு போன வருஷம் அவரே டிவில சொன்னார். பய அவர் வெண்கலக் காலைத் தொட்டுக் கும்பிட்டான், எனக்கு வயித்துல என்னமோ பண்ணுச்சு. அக்கா இவனை டேக் ஃபுட்பால் மட்டும்தான் ஆட விடுறா, இடுப்புல தொங்குற பட்டையைப் பிடுங்கினா டேக்கிள், மோதல் கிடையாது. பய அதுக்காக தினம் சண்டை. நான் அக்கா கட்சி. ஆனா அதே நான்தான் டிக்கெட் வாங்கி, அந்த மோதல் சத்தம் கேக்குற வரிசைல சீட் பிடிச்சிருக்கேன், அதையும் சொல்லிடறேன்.

8:05க்கு ஆரம்பம். 52,000 பேர். "குயின்ஸ்லேண்டர்!"னு கத்துறாங்க பாருங்க, அது காதுல கேக்கல, நெஞ்சுக்கூட்டுல கேக்குது. 1995ல சூப்பர் லீக்னு போட்டி லீக் ஒண்ணு வந்த தகராறுல பெரிய ஆளுங்க எல்லாம் இல்லாம, பேர் தெரியாத பசங்களை வெச்சு 3-0னு ஜெயிச்சாங்களே, அப்ப பில்லி மூர்னு ஒருத்தர் டனல்ல நடந்து வரும்போது கத்தின கத்து அது. ஊர்ப் பேரே போர்க்குரல்.

முதல் பாதி பத்தி என்ன சொல்ல, ஒரு ட்ரை இல்ல. முட்டுறான், விழறான், எழுந்திரிக்கிறான், திரும்ப முட்டுறான், நடுவுல கும்பலா ஒரு தள்ளுமுள்ளு. டிவில பார்த்தா போரடிச்சிருக்கும். இங்க ஒவ்வொரு டேக்கிளுக்கும் வயித்துல கை வெச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். எங்க பெய்ன் ஹாஸ் இருக்காரே, அவர் கிளப் பிரிஸ்பேன் ப்ராங்கோஸ், இதே மைதானம்தான் அவருக்கு வீடு, வழக்கமா இதே ஜனம் கை தட்டும். இன்னிக்கு அவர் பந்தைத் தொட்டா ஊளை. அவரைப் பிடிச்சுக் கீழ தள்ளுற கேரிகன் அவர் கூட அதே கிளப்ல தோளோட தோள் நிக்கிறவர். மாப்ள முதல் தடவையா போனைக் கீழ வெச்சான். "என்னடா இது, பொண்ணு குடுத்து எடுத்த வீட்டுக்குள்ள வெட்டுக் குத்து மாதிரி இருக்கு."

ரெண்டாம் பாதிலயும் இழுபறி, குயின்ஸ்லாந்து பெனால்டில வந்த நாலே நாலு பாயிண்டோட நிக்குது. ஸ்டேடியமே பல்லைக் கடிச்சுட்டு இருக்கு. கடைசி கால் மணி நேரம்னு நினைக்கிறேன், வாட்சைப் பார்க்குற நிலைமைல இல்ல, பிராட்மேன் பெஸ்ட் ஓரத்துல பாய்ஞ்சு வெச்சான் பாருங்க. (பேர் கிரிக்கெட் பேர், ஆடுறது இது. லாட்ரெல் மிட்சலுக்கு அடி பட்டதால உள்ள வந்த பையன்.) 52,000 பேர் சத்தம் ஒரே நொடில அணைஞ்சுது, சுவிட்ச் போட்ட மாதிரி. அந்த அமைதில ஒரே ஒருத்தன் கத்திட்டிருந்தான், அது நான்னு எனக்குக் கொஞ்சம் லேட்டாத்தான் தெரிஞ்சுது. அடுத்து கொஞ்ச நேரத்துலயே மிட்சல் மோசஸ், பாஸ் குடுக்கற மாதிரி போய் குடுக்காம, அவரே இடைவெளில நுழைஞ்சு போயிட்டார். முடிஞ்சுது. 14-4. குயின்ஸ்லாந்து ஒரு ட்ரைகூட அடிக்கல, அவங்க ஊர்ல, அவங்க கொட்டகைல.

குதிச்சேன், மாப்ளயைக் கட்டிப் பிடிச்சேன், அவன் ஏன் அழறான்னு அவனுக்கே தெரியல. அப்புறம் கீழ பார்த்தேன். பய சட்டைக் காலரை வாயில கடிச்சுட்டு கிரவுண்டையே பார்த்துட்டிருக்கான். கண்ணு நிறைஞ்சிருக்கு, விழ விடல.

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியாம ஒரு முட்டாள்தனம் பண்ணினேன். "டேய், நீயும் சிட்னில பொறந்தவன்தானடா, உன் டீம்தான் ஜெயிச்சிருக்கு"ன்னேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தான். "மாமா, நீங்க திருநெல்வேலில பொறந்தீங்க."

அதோட பேச்சு நின்னுச்சு. மில்டன் ஸ்டேஷன் வரைக்கும் அவன் எங்களுக்கு பத்தடி முன்னாடியே நடந்தான். பீர் ஃபேக்டரி வாசனை தெரு பூரா. தொப்பியைக் கழட்டி பாக்கெட்ல வெச்சுக்கிட்டேன், யாருக்கும் பயந்து இல்ல.

நாள் 4: ஜூலை 18, வியாழன்

லீவு முடிஞ்சுது, ஒரே நாள்ல வீடு போய்ச் சேரணும். காலைல 5:30க்கு கிளம்பினோம். மாப்ள ரெடியா வாசல்ல நிக்கிறான், அதிசயம். பய ரூம் கதவு சாத்தியிருந்துச்சு, தூங்கறான்னு அக்கா சொன்னா, கதவுக்குக் கீழ லைட் தெரிஞ்சுது. நான் கதவைத் தட்டல. அத்தான் ஷிஃப்ட் முடிச்சு வந்தவர் கையைக் குலுக்கி "நல்லா ஆடினீங்க"ன்னார், நானே டேக்கிள் பண்ணின மாதிரி. அக்கா புளிசாதம் கட்டிக் குடுத்தா.

பார்டர் எப்ப தாண்டினோம்னே தெரியல, 110ல போனா ஒரு போர்டு, அவ்வளவுதான். ரேடியோல பூரா மோசஸ், மோசஸ். மாப்ள அடுத்த வருஷம் டிக்கெட் எப்ப ஓபன் ஆகும்னு கேக்குறான், ப்ளூஸ் சட்டை என்ன விலைன்னு கேக்குறான். "உனக்கு எதுக்குடா, நீ மதுரை"ன்னேன். "நீ மட்டும்?"ன்னான்.

மத்தியானம் மேக்ஸ்வில் ஆத்தங்கரைல பெஞ்ச் பார்த்து உட்கார்ந்து டிஃபன் பாக்ஸை எடுத்தோம். மூடி மேல மெரூன் ஸ்கெட்ச்ல கோணல் மாணலா தமிழ் எழுத்து. பய தமிழ் ஸ்கூலுக்கு ஞாயித்துக்கிழமை அழுதுட்டே போறவன், ஒரு வார்த்தை எழுதச் சொன்னா அரை மணி நேரம் ஆகும். எழுதியிருந்தான்:

"கரப்பாண் பூச்சிகலுக்கு மட்டும்."

புளிசாதம் நல்லா இருந்துச்சு. மூடியைக் கழுவாம பையில வெச்சிருக்கேன்.